ஸ்டீமிக்குப் போன சனிக்கிழமைகள்

இன்று வீட்டில் உடுப்புக் காயவைக்கும் ட்ரையரைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூடான கம்பளி மணம் என்னை, சிறுவயதில் நாங்கள் குடியிருந்த வால்தம்ஸ்டோவில் இப்போது இல்லாத ஒரு சலவைக்கடைக்குள் கொண்டுபோய் இருத்தியது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருக்க, இயந்திரங்கள் ஒரே சுருதியில் உறும, சனிக்கிழமைகளில் அம்மாவின் தோளில் சாய்ந்து எங்கள் உடுப்புகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கடையைப் பார்த்துக்கொண்ட ஸ்கொட்லாந்து மூதாட்டி அதை 'ஸ்டீமி' என்பார். அவருடைய சிறுவயதுக் கிளாஸ்கோவில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடித் துவைத்த பொதுக்கூடத்தின் பெயராம், அந்தக் கூடங்களோடு அதுவும் மறைந்துவிட்டதாம். அம்மாவுக்கு அதன்பிறகு வேறு பெயரே வாயில் வரவில்லை. "ஸ்டீமிக்குப் போட்டு வாறம்" என்று அப்பாவுக்குக் குரல்கொடுத்துவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குவார்.

அம்மா காலமாகி இரண்டு வருடம். கூடையோடு நின்ற நான் என்னை மறந்து, "ஸ்டீமிக்குப் போட்டு வாறன்" என்றேன்.

"எங்கை போறீர்?" என்றார் கணவர்.

எங்கை என்று அம்மா கேட்டிருக்கமாட்டார். சப்பாத்தை மாட்டியிருப்பார்.