விரதம் என்று சொன்னார்கள்

ஒரு பெண் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருப்பதற்கு ஜெர்மனியில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். உண்ண மறுக்கும் இளம்பெண்களுக்கென்றே இங்கே தனி வார்டு உண்டு. அதில் நான் நர்ஸ். லேனா என்ற கல்லூரி மாணவி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருப்பாள். நான் என் தட்டில் உள்ளதைத் தின்று காட்ட வேண்டும். ஒருநாள் உடன் வேலை செய்யும் ஜெர்மன்காரி கேட்டாள்: "உங்கள் நாட்டில் சோறில்லாமல்தானே பட்டினி கிடப்பார்கள்? இந்த நோய்கூட உண்டா?" என் தங்கைக்கு உண்டு என்றேன். "ஓ, மத வழக்கமா?" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் எங்களுக்குப் பூண்டுத் தோட்டம். தங்கை செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்புல இருக்கு" என்று சொல்லிப் போனார்கள். அந்த வாரமே வெள்ளிக்கிழமை விரதம் தொடங்கினாள். பிறகு செவ்வாய், சஷ்டி, கிருத்திகை. "எம் மகளுக்கு அம்புட்டு பக்தி" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். எங்கள் அண்ணன் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் வீடே பதறும். இவள் சாப்பிடாதது மட்டும் புண்ணியமாகிவிட்டது.

பூண்டு பிடுங்கும்போது மயங்கி விழுந்தாள். தூக்கிவந்து படுக்கவைத்து, ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டபோதுதான் காயங்களைப் பார்த்தோம். அவளே செய்துகொண்டவை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "பேசாத. வெளிய தெரிஞ்சா பேய் பிடிச்சிருக்கும்பாங்க. முழுக்கை ரவிக்கை தச்சுப் போடுவோம்." காதல் தோற்று அண்ணனும் ஒருமுறை ஜன்னல் கண்ணாடியைக் கையால் உடைத்தான். அந்தத் தழும்பைக் காட்டி, "ரோசக்காரப் பய" என்று மாமா இன்றும் பெருமை பேசுகிறார்.

மெலிந்தவளை, அடுத்துப் பெண் பார்க்க வந்த பக்கத்து ஊர்க் கவுஞ்சிக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. கல்யாணம் முடிந்தது. "சத்தில்லாத உடம்பத் தள்ளிவிட்டுட்டாங்க, புள்ள எப்பிடித் தங்கும்?" என்று இப்போது அதே மாமியார் ஊரெல்லாம் கேட்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் செல்வியிடம் லேனாவைப் பற்றிச் சொன்னேன்.

"அங்க அதுக்குன்னு ஆஸ்பத்திரியே இருக்காக்கா?"

"இருக்கு."

"அப்ப அது சீக்குத்தானா? நான் கெட்டவ இல்லையா?"

"சீக்குத்தான் தாயி. குணமாகும். கொடைக்கானல் டாக்டரம்மாகிட்ட நான் பேசுறேன், போறியா?"

"அதுக்குப் பேரு என்னக்கா?"

"எஸ்ஷ்டோருங்" என்று எங்கள் வார்டில் சொல்லும் ஜெர்மன் பெயரைச் சொன்னேன். மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "தமிழ்ல?" என்றாள். எங்கள் வீட்டில் அதற்குப் புழங்கிய ஒரே சொல் விரதம்.

அதற்குள் உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள். "ஏ செல்வி, போன்ல என்ன சோலி? வெரசா வா, அவன் சாப்பிடணும்."

செல்வி போனை அணைக்காமல் அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் போனாள். ஜெர்மனியில் என் அறையில் உட்கார்ந்து, கவுஞ்சி வீட்டுத் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவனுக்குச் சோறு போடும் சத்தம் கேட்டது. அவள் தனக்கென்று இரண்டாவதாக ஒரு தட்டை எடுக்கும் சத்தம் வருமா என்று போனைக் காதோடு வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.