நிற்காது என்று நான் சொன்ன வண்டி

குள்ளர்கள் மலையைக் குடைந்து கோட்டை கட்டுகிற ஒரு கணினி விளையாட்டு. ராஜபாளையத்தில் என்னோடு இன்ஜினியரிங் படித்த நண்பன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். அதில் குள்ளர்களை நாம் கையைப் பிடித்து நடத்த முடியாது. இன்ன வேலை என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மலை உச்சியில் வெட்டிய கல்லை ஒவ்வொருவனாகத் தூக்கிக்கொண்டு அடிவாரத்துப் பட்டறைக்கு இறங்கி வருவான். ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வழியில் பசிக்கிறது என்று திரும்பிவிடுவான். ஒரு சுவர் எழும்புவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும்.

அதற்குத்தான் சுரங்க வண்டி. பாறையிலேயே தடம் செதுக்கி, வண்டி எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நிறைந்தால் கிளம்ப வேண்டும், எங்கே கொட்ட வேண்டும் என்று சொல்லிவைத்தால் போதும். ஒருவன் உச்சியில் நின்று தள்ளிவிட்டால் சரிவில் அது தானாக இறங்கும். நான் முதலில் விட்ட வண்டி இறங்கின வேகத்தில் வளைவில் தடத்தை விட்டுப் பறந்து, பட்டறையில் இருந்த தச்சன் மேல் விழுந்து அவனைக் கொன்றது. பிறகு வேகத்தை உறிஞ்சுகிற தடுப்புகளை எங்கெங்கே வைப்பது என்று கற்றுக்கொண்டேன். வண்டி ஒழுங்காக ஓடத் தொடங்கிய அன்றைக்குச் சுமக்கிற குள்ளர்கள் எல்லோர் பெயருக்கும் பக்கத்தில் ‘வேலை இல்லை’ என்று வந்தது. அதைப் பார்த்து எனக்கு அத்தனை சந்தோஷம்.

இதெல்லாம் நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பதாக வீடு நம்பிய நாட்களில் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீடு ஒரே அறை. கல்லூரி முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கான தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்று ஒழுங்காகப் போனவன் நான் ஒருவன்தான். அதனால் நான் எதன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாலும் அது படிப்புதான்.

அப்பா தேங்காய் சுமக்கிறவர். கூமாப்பட்டிக்கு மேலே மலையடிவாரத்தில், ராஜபாளையத்து முதலாளி ஒருவரின் மேட்டுத் தோட்டத்தில் வேலை. லாரி கீழே களத்தில்தான் நிற்கும். நடுவில் ஓடையும் கல்லும். வெட்டிப்போட்ட காய்களைக் கூடையில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்து, சரிவில் இறங்கிக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அப்பாவுக்குக் கழுத்து வலது பக்கம் திரும்பாது. அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புவார்.

மழை பெய்தால் மரம் வழுக்கும், வெட்டு கிடையாது. அப்படி ஒரு மழை நாளில் அப்பா மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் வந்ததை நான் கவனிக்கவில்லை. தோளுக்குப் பின்னால் ஈரத் துண்டின் வாடை வந்த பிறகுதான் தெரிந்தது.

“என்னலே இது, தண்டவாளமா?”

“சுரங்கத்துல கல்லு ஏத்திட்டுப் போற வண்டிப்பா. எந்தப் பாதையில போனா சீக்கிரம் எறங்கும்னு பிளான் போடுதேன்.”

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் என் கெட்டிக்காரத்தனம்.

அப்பா செத்த நேரம் நின்று பார்த்தார். குட்டி வண்டி நிறைந்து, இறங்கி, கொட்டிவிட்டுத் திரும்பியது. “யாரும் சொமக்க வேண்டாமா?” என்றார். வேண்டாம் என்றேன். மெதுவாகப் பின்வாங்கிப் போய், அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“மிக்ஸியப் போடாத. பிளான் போடுதான்.”

“சட்னிக்கு என்ன செய்ய?”

“ஒரு நாள் பொடியத் தொட்டுத் தின்னா செத்தா போவோம்?”

அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பொடி தொட்டு இட்லி சாப்பிட்டேன்.

அப்பா தோட்டத்தில் சொல்லிவிட்டார். பெருமையை அவரால் உள்ளே வைத்துக்கொள்ள முடிந்ததில்லை. அது சுமக்கிறவர்களைத் தாண்டி மேஸ்திரிக்குப் போய், மேஸ்திரி முதலாளிக்குச் சொல்லி, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். “மொதலாளி ஒன்னயக் கூட்டிட்டு வரச் சொல்லுதாரு. மேட்டுல இருந்து களத்துக்குத் தண்டவாளம் போட முடியுமான்னு நீ பாத்துச் சொல்லணுமாம்.”

“எனக்குப் படிக்க இருக்குப்பா” என்றேன்.

“ஒரு மணி நேரம்லே. வாரேன்னு சொல்லிட்டேன்.”

மறுநாள் அவருடைய டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து போனேன். முதலாளி களத்தில் காரில் சாய்ந்து நின்று யாருடனோ போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் மேட்டுக்கு ஏறினோம். அங்கே காய் வெட்டி முடித்து, சுமை ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஓர் ஆள் கூடையை இறக்கினார்.

“ஏ, இன்ஜினியர் வந்துட்டாரு! இனிமே நம்ம மண்டைக்கு ரெஸ்ட்டு.”

“மண்டைக்கா? அடுப்புல ஒலைக்கே ரெஸ்ட்டுடா, கூமுட்டை” என்றார் சுந்தரபாண்டியத்திலிருந்து வரும் ஓர் அத்தை. அப்பாவோடு பல வருஷமாகச் சுமக்கிறவர். உறவில்லாவிட்டாலும் எனக்கு அத்தை. “வாங்க மருமகனே. வண்டி வந்துச்சுன்னா ஒங்க அத்தையையும் அதுல ஏத்திக் கொண்டுபோய் எறக்கிருங்க. வீட்டுல போய்ப் படுத்துக்கிடுதேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்கள். ‘வேலை இல்லை’ என்ற எழுத்து அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. திரையில் அதைப் பார்த்தபோது, அந்தக் குள்ளர்கள் அடுத்த வேளை எதைச் சாப்பிடுவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க அங்கே அவசியமும் இல்லை. கிடங்கில் சாப்பாடு இருக்கும்.

முதலாளி போனை வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். “தம்பி, மேலே நிறைச்சு விட்டா வண்டி தானா களத்துக்கு எறங்கிருமா? செலவப் பத்தி யோசிக்காதீங்க. முடியுமா, முடியாதா, அதச் சொல்லுங்க.”

சுமந்தவர்கள் அப்படியப்படியே நின்றார்கள். அதற்குள் அப்பாவும் ஒரு கூடையைத் தலைக்கு ஏற்றியிருந்தார்; அவர் மட்டும் அதை இறக்கவில்லை. தலையில் சுமையோடு, நான் தன் இடது பக்கம் இருக்கும்படி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் எதுவும் இல்லை. தன் வேலை போய்விடுமே என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. மகன் இத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து ஏதாவது படித்தவன் மாதிரி சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியது அம்புட்டுத்தான்.

நான் படித்தது மெக்கானிக்கல். சரிவை அளந்து, பாரத்தைக் கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அளந்தால் அடுத்த வாரம் மறுபடி வர வேண்டும். வரைபடம் கேட்பார்கள். இதற்கு முன்னால் எங்கே செய்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். கடைசியில் குள்ளர்கள் வெளியே வருவார்கள்.

ஏதோ யோசிப்பதுபோல ஓடைவரை நடந்து போய்த் திரும்பி வந்தேன்.

“தடத்துல நிற்காது சார்” என்றேன். “சரிவு ஜாஸ்தி. பாதியிலேயே வேகம் எடுத்துரும். ஓடை வளைவுல தடத்தை விட்டு வெளிய போயிரும். கீழ ஆள் நின்னா உயிருக்கே ஆபத்து.”

அந்தத் தச்சன் செத்துக் கிடந்த இடம் என் மனதில் அவ்வளவு தெளிவாக இருந்ததால் குரல் நடுங்காமல் வந்தது. முதலாளி தலையாட்டினார். “நல்ல வேளை, மொதல்லயே சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு காருக்குப் போனார்.

அப்பா சுமையோடு இறங்கிப் போகையில் யாரிடமோ சொன்னார்: “பாத்தியா, ஒரே பார்வைதான். அளக்கக்கூட இல்ல.”

அத்தை ஓர் இளநீரைச் சீவி என் கையில் கொடுத்தார். இந்தமுறை கேலி இல்லை. “எங்க பொழப்பக் காப்பாத்திட்ட ராசா. படிச்சவன் மொதலாளி பக்கம் பேசுவான்னு நெனச்சு ராத்திரியெல்லாம் ஒறக்கம் இல்ல.”

அவர்களுக்காக நான் எதுவுமே செய்யவில்லை. என் குட்டு உடையாமல் இருக்கத்தான் சொன்னேன். இருந்தாலும் வாங்கிக் குடித்தேன். வழுக்கையையும் தோண்டித் தின்றேன்.

திரும்பும்போது வத்திராயிருப்பில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அப்பா கடைக்காரரிடமும் ஆரம்பித்துவிட்டார். “நம்ம பய. வண்டி ஓடாதுன்னு சொன்னான் பாருங்க, மொதலாளியே கப்சிப்.” அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கடைக்காரர் உள்ளே போனதும் சொன்னேன்.

“அப்பா, நான் கம்ப்யூட்டர்ல போட்டது பிளான் இல்ல. அது வெளாட்டு.”

“வெளாட்டுன்னா?”

“சின்னப் பயலுவ போன்ல வெளாடுதானுவல்லா, அந்த மாதிரி.”

அப்பா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். டீ ஆறிய பிறகும் ஆற்றினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப அந்த வண்டி நிக்குமா, நிக்காதாலே?”

“தெரியலப்பா.”

“தெரியாமயா சொன்ன?”

“ஆமா.”

“அத யார்ட்டயும் சொல்லிராத” என்றார். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பற்றித் தோட்டத்தில் பேசுவதில்லை என்று அத்தை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார். “மருமகன் எப்படி இருக்காருன்னு கேட்டா, படிக்கான்னு சொல்லிட்டுக் கூடையத் தூக்கிட்டுப் போயிருதாக. முன்ன மாதிரி இல்ல. வீட்டுல ஏதும் சண்டை சடவா?” ஒன்றுமில்லை அத்தை என்றேன்.

அப்பாவின் கழுத்து இப்போது இடது பக்கமும் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. காலையில் அம்மா தைலம் தேய்த்துவிடுகிறாள். கூடவே ஒருவன் நடந்து, பிடித்துப் பிடித்து விடுகிற மாதிரி வண்டி செய்தால் முதலாளிக்கும் சுமக்கிறவர்களுக்கும் நஷ்டமில்லாமல் இருக்கலாம். விளையாட்டிலேயே அதற்கு வழி உண்டு. மெதுவாகப் போகும், ஆனால் தறிகெட்டுப் போகாது. நிஜத்தில் அது சரிப்படுமா என்பது அளந்தால்தான் தெரியும்.

போன வாரம் கேட்டுவிட்டேன். அவர் வேலைக்குக் கிளம்பித் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

“டேப் எடுத்துட்டு நானும் வரட்டுமாப்பா? அந்தச் சரிவ ஒருதரம் அளந்து பாத்துருதேன்.”

உடம்போடு சேர்ந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

“அளந்து, ஓடும்னு வந்துட்டா? அன்னைக்கு ஏன் ஓடாதுன்னு சொன்னான்னு மொதலாளி கேப்பாரு. இன்னைக்கு ஏன் ஓடும்னு சொல்லுதான்னு சொமக்குத ஆளுக கேப்பாக. ரெண்டு பக்கத்துக்கும் யாருலே பதில் சொல்ல?”

“நான் சொல்லுதேன்பா.”

“நீ படி” என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

டிவிஎஸ் சத்தம் தெரு முனை தாண்டும்வரை வாசலில் நின்றேன். பின்னால் ஓடிப்போய் ஏறியிருக்கலாம். அவர் என்னை இறக்கிவிட்டிருக்க மாட்டார். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே என்று உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவர் பேச்சைத் தட்டாத பிள்ளையாக இருப்பது அன்றைக்கும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.