கறுப்புத் திரையைத் திருத்தப் போனவன்

முப்பது வருடம் உள்துறைமுக வீதியில் ரீவி திருத்தினேன். அந்தக் காலம் முழுக்க ஒன்றை உறுதியாக நம்பினேன்: திரையில் கறுப்புத் தெரிந்தால் அது பழுது. எனக்கு அதைக் கற்பித்தவர்கள் வாடிக்கையாளர்கள். அகலத்திரைப் படம் போட்டுப் பார்த்த கையோடு சல்லிக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்து சண்டை பிடித்தார்.

“அண்ணை, முழு ரீவிக்குத்தானே காசு குடுத்தனான்? மேலயும் கீழயும் ஏன் கறுப்பாக் கிடக்கு?”

நான் சூம் பண்ணிக் கொடுத்தேன். திரை நிரம்பியது. படத்தில் வரிசையாக ஆடியவர்களில் இரண்டு ஓரத்தில் நின்றவர்கள் காணாமல் போனார்கள். அவர் சந்தோஷமாகப் போனார். நான் என்னை ஒரு விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த விஞ்ஞானியைத்தான் போன வருடம் எங்கள் பங்கின் ஃபாதர் கூப்பிட்டார். கோயிலில் ஆர்கன் வாசித்த அருளப்பு மாஸ்டர், பாலையூற்று வீட்டை விட்டுக் கனடாவில் மகளோடு இருக்கப் போகிறார். அவருக்குக் கண் தெரியாமல் போய்ச் சில வருடங்கள். பிரியாவிடைக்கு அவர் கேட்டது ஒன்றுதான். இளவயதில் கொழும்பில் பார்த்த ஓர் ஆங்கிலப் பாட்டுப் படத்தை எங்கள் எல்லோரோடும் இருந்து ஒருமுறை கேட்க வேண்டும். மகள் அதன் புதிய புளூரே டிஸ்க் அனுப்பியிருந்தார்.

“பிழைச்சுப் போகாதுதானே?” என்றார் ஃபாதர்.

“என்ர கையில பிழைக்கிறதோ, ஃபாதர்?” என்றேன்.

பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. லைற்றை அணைத்து, கூரையில் தொங்கிய புரொஜெக்டரை முடுக்கி, டிஸ்கைப் போட்டேன். மெனு பளிச்சென்று வந்தது. பிளே அழுத்தினேன். இசை வந்தது, படம் வரவில்லை. நிறுத்தி, வயரை மாற்றிப் போட்டேன். அதே இசை, அதே கறுப்பு. டிஸ்கை எடுத்துச் சேட்டு நுனியில் துடைத்துப் போட்டேன். மறுபடியும் அதே. மெனு தெரிந்ததே, அப்படியென்றால் வயரும் புரொஜெக்டரும் சரிதானே என்று யோசிக்கும் அளவுக்கு என் மூளை அங்கே இல்லை. புரொஜெக்டரைக் கழற்றக் கதிரையில் ஏறினேன்.

“தம்பி, என்ன செய்யிறீங்கள்?” முன்வரிசையிலிருந்து மாஸ்டரின் குரல்.

“படம் வருகுதில்லை, மாஸ்டர். டிஸ்க் பழுது போல.”

“பழுதில்லை. அந்தக் காலத்துப் பெரிய படங்கள் இப்பிடித்தான். தியேட்டரில திரைச்சீலை மூடிக் கிடக்கேக்க முதல் இசை மட்டும் போகும். டிஸ்கிலயும் அதை அப்பிடியே விட்டிருக்கிறாங்கள்.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

“முதலே சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்?”

“மூண்டு தரம் கேக்கக் கிடைச்சுது. அதை ஏன் குழப்பவேணும்?” பக்கத்துக் கதிரையைத் தட்டினார். “வந்து இருங்கோ. படம் துடங்கினா நீங்கள் எல்லாரும் அதைப் பாக்கத் துடங்கியிடுவீங்கள். நான் தனிச்சுப் போவன். இந்தக் கொஞ்ச நேரந்தான் எல்லாரும் என்னோட.”

சிரிப்பு நின்றது. நான் போய் அவர் பக்கத்தில் இருந்தேன். அவர் விரல்கள் முழங்காலில் வாசித்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. இருட்டென்றபடியால் மானம் தப்பியது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய வித்தை எதுவும் இல்லை. திரை கறுத்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள், அவ்வளவுதான். ஆனால் அன்றைய பாடம் அதோடு முடியவில்லை. இசை ஓய்ந்து படம் வந்தது. மண்டபமே “ஆ” என்றது. மாஸ்டர் என் பக்கம் சாய்ந்தார்.

“என்ன தெரியுது, தம்பி?”

“கடல், மாஸ்டர்.”

“எங்கட கடல் மாதிரியோ?”

பதில் சொல்வதற்காக, முப்பது வருடத்தில் முதல்முறையாக, ஒரு திரையை ஒழுங்காகப் பார்த்தேன்.