தம்பியின் விரதம்

என் தம்பிக்கு வந்த நோய்க்கு பைபோலார் என்று டாக்டர் பெயர் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்கு டென்ஷன் என்று பெயர். ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலையில் டென்ஷன் அதிகம், அதனால் பையன் படுத்துவிட்டான் என்று அம்மா எங்கள் ஊரான கிள்ளான் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் என் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நான் தங்கி வேலை பார்க்கும் பிரிக்பீல்ட்ஸில், நடைபாதையில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, உலகம் எப்போது அழியும் என்று அவன் விளக்கிக்கொண்டிருந்தபோது ஓடிப்போய் இழுத்து வந்தவள் நான். பல நாள் தூங்காத கண்கள் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்து பிடித்தது. வீட்டுக்கு வந்தான், உடம்பு கொஞ்சம் பெருத்தது, பேச்சு நிதானமானது, மறுபடியும் வேலைக்குப் போனான். விடாமல் மருந்து சாப்பிட்டால் இப்படியே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அம்மாவின் கணக்கில் அவனைக் குணமாக்கியது முருகன். பிள்ளை எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வைக்கிறேன் என்று அவர் வேண்டியிருந்தார். இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போகலாமே என்று நானும் சும்மா இருந்தேன்.

மாலை போட்டு விரதம் தொடங்கினான். கவிச்சி கிடையாது, தரையில் படுக்கை, விடிவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் குளியல். அந்தச் சமயத்தில்தான் பெரியம்மா அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு செய்தியை அனுப்பினார். மருந்து அடைத்து வரும் அந்த வழவழப்பான கேப்ஸ்யூல் கூடு மாட்டு எலும்பிலிருந்து செய்யப்படுகிறதாம். தம்பி சாப்பிட்டது அந்த மாதிரி மருந்துதான். விரதம் முடியும்வரை அதை நிறுத்திவைப்பது என்று தாயும் மகனும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த முறை கிள்ளானுக்குப் போனபோது வீட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். தம்பி உரத்த குரலில் பாடிக்கொண்டிருந்தான். தன் ஏர்கோன் சாமான் பெட்டியை யாரோ ஒரு வங்காளதேசத் தொழிலாளிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டானாம்.

"முகத்துல என்னா தேஜஸ் பாருங்க ஆன்டி! தூக்கமே இல்லயாம், ஆனா களைப்பே தெரியல லா. முருகன் இறங்கிட்டாரு" என்றாள் ஒருத்தி.

அம்மாவின் முகத்தில் பெருமை. நான் தம்பியின் கண்ணைப் பார்த்தேன். தூக்கமின்மை, ஓயாத பேச்சு, கண்ணின் பளபளப்பு, கையிலிருப்பதை வாரிக்கொடுப்பது எல்லாம் போன தடவை பார்த்தவைதான். நடைபாதையில் பைத்தியமாகத் தெரிந்தது, கழுத்தில் மாலை கிடந்ததும் பக்தியாகத் தெரிகிறது. அம்மாவை அடுக்களைக்கு இழுத்துப்போய்க் கேட்டேன். அப்போதுதான் மாட்டெலும்புக் கதை வெளியே வந்தது.

"சாமி காரியத்துல அபசகுனமா பேசாதடி. பூசம் முடியட்டும்" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதையாகிவிட்டது என்று கத்தினேன். கத்தியதால் பலனில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதே மருந்து மாத்திரையாவும் இருக்கும்மா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்திக் கொடுத்திருப்பேனே. உடனே அவரைக் கூட்டிட்டு வாங்க."

நல்ல செய்தியோடு ஓடினேன். தம்பி சிரித்தான். "மாத்திரையும் வேணாங்கா. மருந்து சாப்பிட்டப்பல்லாம் சாமி முன்னால மரம் மாதிரி நின்னேன். ஒண்ணுமே தோணாது. இப்பத்தான் முருகன் என்கூட பேசுறாரு. அத ஏன் புடுங்கப் பாக்குற?"

நான் மாட்டெலும்போடு சண்டை போட வந்திருந்தேன். அவனோ முருகனையே முன்னால் நிறுத்திவிட்டான். நாளைக்கு எப்படியாவது கூட்டிப்போய்விடலாம் என்று அன்றிரவு அங்கேயே தங்கினேன். காலையில் எழுந்தபோது அவன் இல்லை.

பூசத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. கிள்ளானிலிருந்து பத்துமலை முருகன் கோயிலுக்கு நடந்தே போகும் பக்தர்கள் உண்டு. மஞ்சள் வேட்டியோடு வெறுங்காலில் சாலையில் போகிறவனை யாரும் தடுக்க மாட்டார்கள். தண்ணீர் கொடுத்து வழியனுப்புவார்கள். அவனுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. மத்தியானம் அவன் கைப்பேசியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் என்னை அழைத்தார். பத்துமலை போகிற வழியில் சுங்கை பூலோ பக்கம் தண்ணீர்ப் பந்தல் போட்டிருப்பவராம்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. லோரிக்கு நடுவுல பூந்து நடந்து வந்தாரு. கால்ல ரத்தமா கொட்டுது, வலிக்கலன்னு சிரிக்கிறாரு. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

அம்மாவும் நானும் வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தோம். பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கால் தோல் கொப்புளித்து உரிந்திருந்தது. பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்று அவன் கையால் திருநீறு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வயதான ஒருவர் அந்தப் புண்பட்ட காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே போனார். "எந்திரிங்கய்யா. கும்பிடாதீங்க. என் புள்ளைக்கு மனசுல நோய். மருந்த நிறுத்தினது நான்தான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கூட்டம் சட்டென்று விலகியது. திருநீற்றை வாங்கிய ஒருத்தி அதைக் கீழே உதறிவிட்டுத் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவளை அறையலாம் போலிருந்தது எனக்கு. பந்தல்கார அக்கா மட்டும் தம்பியின் காலுக்கு ஈரத்துணி சுற்றிவிட்டார்.

பூசத்தன்று அவன் வார்டில் இருந்தான். அம்மா அவனுக்குப் பதிலாகப் பால்குடம் எடுத்தார். மாத்திரை மெல்ல வேலை செய்தது, பேச்சு பழைய நிதானத்துக்கு வந்தது. ஒரு மாலை நான் கொண்டுபோன தோசையைப் பிட்டுக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டான்.

"நோய் முத்தினப்போ எல்லாரும் என் கால்ல விழுந்தாங்க. இப்ப சொகமாயிடுச்சு. இனிமே எல்லாரும் என்னைப் பார்த்துப் பயப்படுவாங்க, இல்லக்கா?"