கம்பு தட்டிய வாசல்

"…அப்ப அம்மன் உன் வாசல் வரைக்கும் வந்து நிப்பா, பெறவு ரிவர்ஸ்ல போயிருவா. அப்பிடித்தானளா?"

கடைசி வீட்டு அக்கா இதைக் கேட்டபோது அவளுக்குத் தைத்த ஜாக்கெட் என் கையில் இருந்தது. மாம்பழ மஞ்சள், பச்சை பார்டர். கொக்கியெல்லாம் வைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் தயாராக வைத்திருந்தேன். அவள் எங்கள் கேட்டுக்கு வெளியே, சிமெண்ட் சரிவின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நான் மேலே. அவள் என்னை அண்ணாந்து பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. என்னைவிட அரையடி உயரமான பொம்பளை அவள்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் வராத ஆள் இல்லை நான். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு போயிற்று. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்ட பேச்சுதான். கையைத் தூக்கு, திரும்பு, மூச்சை இழுக்காதே என்று நான் சொல்லச் சொல்ல, அவர்கள் பாட்டுக்கு மாமியாரையும் மழையையும் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதில் கடைசி வீட்டு அக்கா பேச்சு தனி ருசி. அவள் இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போகிறவள். ஐஸில் கிடந்து கிடந்து விரலெல்லாம் சுருங்கிப் போயிருக்கும். "எனக்கு முன்னாடியே என் விரலுக்கு வயசாயிட்டுளா. அதுக்கு மட்டும் பென்ஷன் குடுப்பாங்களான்னு கேக்கணும்" என்பாள். நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பேன்.



அந்தச் சரிவு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முத்தையாபுரம் பக்கம் எங்கள் தெரு ஒரு முட்டுச் சந்து. தெருவின் கடைசியில் உப்புக் கம்பெனிக்காரர்களின் சுவர், அதையொட்டிக் கொஞ்சம் காலி இடம், அந்த இடத்தைப் பார்த்தாற்போல அக்கா வீடு. நாங்கள் அதற்கு மூன்று வீடு முன்னால். ஒரு பெருமழையில் தெரு நிறைந்து தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. காலி கேஸ் சிலிண்டர் கட்டிலைச் சுற்றி மிதந்தது. ஊர்ப்பட்ட பேருடைய துணி வாறுகால் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப் போனது. "மழை நம்மகிட்ட கேட்டுக்கிட்டா வருது" என்று அன்றைக்கும் அக்காதான் வந்து என்னோடு நின்று துணி பிழிந்தாள்.

மழை வடிந்ததும் என் வீட்டுக்காரர் தரையை உயர்த்தினார். தரை உயர்ந்ததும் கேட் உயர்ந்தது. அடுத்த வருடம் பழைய கார் ஒன்று வாங்கினார். கார் வாங்கிய பிறகுதான் கேட் முழங்கால் உயரத்தில் நிற்பது அவர் கண்ணில் பட்டது.

கொத்தனார் வந்து பார்த்தார். "ஒரு அடி ஏத்தணும்னா ஆறடி நீளமாவது சரிவு வேணும் சார். இல்லைன்னா வண்டி வயித்தத் தேச்சுக்கிட்டுத்தான் ஏறும்" என்றார். பிறகு என் தையல் அறையைப் பார்த்தார். "இந்த ரூம் மட்டும் இல்லைன்னா சரிவ உள்ளயே முடிச்சிரலாம். தெருவத் தொடவே வேண்டாம்."

நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். அவர் சொன்னது காதில் விழாத மாதிரி.

விதி தெரியாமல் செய்தோம் என்று சொல்லவும் வழி இல்லை. வாறுகால் வேலை நடந்தபோது மாநகராட்சியிலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர் வீடு வீடாக நின்று சொல்லிவிட்டுத்தான் போனார். "சரிவு உங்க காம்பவுண்டுக்குள்ள ஆரம்பிச்சு உள்ளேயே முடியணும். வாறுகால் மேல தட்டையா ஒரு மூடி, அதுவும் அடைப்பு எடுக்கத் தூக்குற மாதிரி. அதுக்கு வெளிய இருக்கது தெரு." என் வீட்டுக்காரர், "ஆமா சார்" என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, "எல்லாரும் ஆமா சார்னுதான் சொல்லுதாங்க. மழை பெஞ்சா அந்த ஆமா மேலதான் தண்ணி நிக்குது" என்றார். பேச்சு நன்றாக இருக்கிறதே என்று நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன். பேச்சை மட்டும்தான் வைத்துக்கொண்டேன்.

ஆக, சரிவு வாறுகாலை மூடி, அதையும் தாண்டித் தெருவுக்குள் நாலடி இறங்கியது. கார் வயிறு தட்டாமல் ஏறியது. ஓரத்தில் மஞ்சளும் கறுப்பும் பெயிண்ட் அடித்தார்.

ஆனால் எங்கள் தெருவில் இதற்கெல்லாம் மேலே ஒரு விதி உண்டு. அது கம்பு.

அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நடுகிற கால்நாட்டு முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் ஒரு மூங்கிலை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். அம்மன் ஊர்வலம் வருகிற சப்பரத்தை டிராக்டர் டிரெய்லரில் வைத்து இழுக்கிறோம் இல்லையா, அந்தச் சக்கரங்களின் அகலத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் கூட்டி வெட்டிய மூங்கில். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தரையோடு தரையாகக் கொண்டு போவார்கள். படியோ திண்டோ சரிவோ எங்கே தட்டுகிறதோ அந்த வீட்டுக்காரர் உடைக்க வேண்டும். எழுத்து கிடையாது, நோட்டீஸ் கிடையாது. கமிட்டித் தலைவர் எங்கள் பலசரக்குக் கடை அண்ணாச்சி. "அளவெடுக்க வார ஆளுகிட்ட பேசிப் பாக்கலாம். கம்புகிட்ட என்னத்தப் பேசுவ?" என்பார். முந்தின கொடையில் தேய்ப்புக்கடைக்காரர் வாசற்படியில் தட்டியது. அன்றைக்குச் சாயங்காலமே அவர் கடப்பாறையை எடுத்துவிட்டார்.

அதே கொடையில்தான் அக்கா வீட்டுப் படியும் போனது. அவள் வீட்டு முன்னால்தான் டிராக்டர் திரும்ப வேண்டும் என்பதால் இரண்டு படியையும் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். இப்போது அவள் வாசலில் ஒரு கல் கிடக்கிறது. அதில் கால் வைத்துத்தான் ஏறி இறங்குகிறாள். "அம்மன் வண்டி திரும்பட்டும்ளா, நான் குதிச்சுக்கிடுதேன்" என்றாள்.

அவள் ஏன் அவ்வளவு மனதாக எடுத்தாள் என்றால், அதற்கு அடுத்த இந்தக் கொடையில் மண்டகப்படி அவளுக்கு. கொடைக்கு ஒரு வீடு என்று தெருமுனையிலிருந்து வரிசையாக வருகிறது. முறை வந்த வீட்டு வாசலில் சப்பரம் நிற்கும். அந்த வீட்டார் படைத்து, தெருவுக்கே சுண்டலும் பானகமும் கொடுப்பார்கள். கால்நாட்டு முடிந்த நாளிலிருந்து அம்மன் நிற்கப்போகிற வாசலில் யாரும் செருப்புக் காலோடு மிதிப்பதில்லை. எங்கள் முறை மூன்று கொடைக்கு முன்பே வந்து போயிற்று. கடைசி வீடு என்பதால் அவளுக்குக் கடைசி முறை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அடுத்தவர்கள் வாசலில் சுண்டல் வாங்கித் தின்றவள். ஏரல் பக்கமிருந்து பிறந்த வீட்டு ஆட்களை வரச்சொல்லியிருந்தாள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தபோது, "அளவு நாடாவக் கொஞ்சம் தாராளமாப் பிடிளா. அன்னிக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்துல்லா இருக்கும்" என்றாள்.

கம்பு வந்த அன்றைக்கு அவள் கம்பெனிக்குப் போயிருந்தாள். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் மிஷினில் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே கரண்டுக் கம்பம். மூங்கிலின் ஒரு முனை கம்பத்தில் இடித்தது. மறு முனை எங்கள் சரிவின் மேல், மஞ்சள் கறுப்புப் பெயிண்டின் மேல் ஏறி நின்றது.

தேய்ப்புக்கடைக்காரர் வாசலில் தட்டியபோது எவ்வளவு சத்தம், எவ்வளவு கேலி! எங்கள் வாசலில் பேச்சில்லை. காரணம் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் நாலு பேரைத் தெரிந்தவர். தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே வேலைக்குச் சொல்லிவிட்டவர்.

"லேசா சாய்ச்சுப் பிடிலே" என்றார் அண்ணாச்சி.

சாய்த்துப் பிடித்தார்கள். மூங்கில் குறுக்காக நழுவிப் போயிற்று.

டிராக்டர்காரர் மட்டும், "கம்பு சாயும் அண்ணாச்சி. சப்பரம் சாஞ்சா கரண்டு ஒயரையில்லா பிடிக்கும்?" என்றார்.

அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எங்கள் வாசலைப் பார்த்தார், கடைசி வீட்டைப் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி முடிவு சொன்னார். "சப்பரம் இந்த வாசலோட நிக்கட்டும். இங்கன இருந்து அப்பிடியே பின்னால எடுத்துக்கிடலாம். கடைசி வீட்டுக்காரி தாம்பாளத்த இங்கன கொண்டு வந்துரட்டும். பேரு அவளுக்கு, வாசல் இவுகளுக்கு. யாருக்கும் கொறையில்ல."

அப்புறம் ஜன்னலைப் பார்த்து, "சார்வாள் வந்ததும் சொல்லிரு தாயி, ஒண்ணும் உடைக்க வேண்டாம்" என்றார்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். 'வேண்டாம் அண்ணாச்சி, உடைச்சிருதோம்.' அவ்வளவுதான். மனதுக்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். மோர் கலக்கினேன். தட்டில் டம்ளர்களை வைத்து வெளியே கொண்டுவந்தேன். வாயைத் திறந்தேன்.

"உப்பு போதுமா அண்ணாச்சி?" என்றேன்.

"போதும் தாயி" என்றார்.

இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு உள்ளூர சந்தோஷம்தான். அதை மறைக்க, "அவங்களாத்தான சொன்னாங்க. நாமளா கேட்டோம்?" என்றார். நான் தலையை ஆட்டினேன். நாமளா கேட்டோம்? இல்லைதான். மறுநாள் காலையில் அடிபம்பில் குடம் வைத்திருந்த இரண்டு பேர் நான் வருவதைப் பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை. "அம்மனையே ரிவர்ஸ் கியர் போட வச்ச வீடு போறா பாரு" என்றாள் ஒருத்தி. "அங்க போயி சத்தமாப் பேசாதளா, அவுக ராம்ப்ல எதிரொலிக்கும்" என்றாள் மற்றவள். இதே பேச்சை வேறு வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

அக்காவுக்குக் கம்பெனி வேனிலேயே விஷயம் தெரிந்துவிட்டதாம். இரண்டு நாள் எங்கள் பக்கம் வரவில்லை. அவள் வீட்டு வாசலில் பந்தலுக்கு நட்ட நாலு கம்பு மட்டும் ஓலை போடாமல் நின்றது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நடந்தேன்.

அந்தச் சரிவு இன்றைக்கு இல்லை. உடைத்த கதையை என் வீட்டுக்காரரைக் கேட்டால் நன்றாகச் சொல்லுவார், கடப்பாறையைப் பிடித்தது அவர்தானே. என் தையல் அறை பாதியாகச் சுருங்கியதையும், அம்மன் கடைசி வீடு வரை போனதையும், அக்கா தன் வாசல் கல்லில் நின்று தாம்பாளம் எடுத்ததையும் சேர்த்துச் சொல்லுவார். அந்தக் கதையில் எங்களுக்குக் கொஞ்சம் நல்ல பேர்கூட உண்டு. எனக்கு வாயில் வராதது, உடைத்ததற்கு முந்தின நாள் மத்தியானம் நடந்தது.

கம்பு வந்து போன மூன்றாம் நாள் அது. வெயில் கொதித்தது. அக்கா ஜாக்கெட் வாங்க வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சண்டை போட்டால் தேவலை என்றும் இருந்தது. நான் திரும்பக் கத்தலாம், அழலாம், ஏதாவது சொல்லலாம். அவள் சரிவில் பாதி ஏறி நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை. சத்தமே இல்லாமல், வழி கேட்கிற மாதிரி கேட்டாள். அண்ணாச்சி சொன்னாகளாமே, தாம்பாளத்த இங்கன கொண்டு வரணுமாமே, அப்ப அம்மன் உன் வாசல் வரைக்கும் வந்து நிப்பா, பெறவு ரிவர்ஸ்ல போயிருவா, அப்பிடித்தானளா?

"அக்கா, உள்ள வாங்களேன். போட்டுப் பாத்திருங்க" என்றேன்.

"நீ தச்சா சரியாத்தான் இருக்கும்" என்று கையை நீட்டினாள். ஜாக்கெட்டைக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பிறகு தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள். கார் டயர் தடம் பதிந்த சிமெண்ட். இரண்டு கால் செருப்பையும் கழற்றினாள். குனிந்து அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கொதிக்கிற சரிவில் வெறுங்காலோடு மெதுவாக இறங்கித் தன் வீட்டுப் பக்கம் நடந்து போனாள்.