இறக்கத்தில் எஞ்சினை நிறுத்துகிறவர்

எங்கள் பிக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சத்தம் நின்றுவிட்டால் எனக்குக் குளிரெடுக்கும். சக்கரங்கள் தாரில் உரசுகிற மெல்லிய சீற்றம் மட்டும் மிஞ்சும். யன்னல் இடுக்கால் காற்று நுழையும். பின்பெட்டியில் ஏதோ ஒன்று நகர்ந்து இன்னொன்றில் இடிக்கும். இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரத்தில் சத்தத்துக்கா குறைச்சல்? ஸ்கூட்டர்கள், துறைமுகத்துக் கப்பல்களின் ஊதல், மாடிக்கு மாடி கூப்பிட்டுச் சண்டைபிடிக்கிற பெண்கள். அவற்றில் எதுவும் என்னை இப்படிக் குளிரவைத்ததில்லை.

நிறுத்துகிறவர் என் கணவர். வீட்டில் வீணாக எரிகிற விளக்கை அணைப்பதுபோல, எஞ்சின் திறப்பை ஒரு விரலால் பின்னுக்குத் திருப்பிவிடுவார். இறக்கம் வந்தால் வாகனம் தானாகப் போகும். தானாகப் போகிற வாகனத்துக்கு எதற்கு டீசல் என்பது அவருடைய நியாயம்.

சின்னப் பிக்கப் அது. முன்னால் மூன்று பேர் நெருக்கி இருக்கலாம், பின்னால் திறந்த பெட்டி. மலைச்சரிவில் இருக்கிற சியாகுல்லித் தோட்டங்களில் மாண்டரின் தோடம்பழங்களை ஏற்றிவந்து போர்கோ வெக்கியோச் சந்தைக் கடைகளில் இறக்குவார். பழம் இல்லாத மாதங்களில் யாராவது வீடு மாறினால் கட்டில், அலுமாரி ஏற்றுவார். நான் காலையில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை. பின்னேரம் பெட்டி பிடிக்க ஆள் கிடைக்காவிட்டால் பக்கத்து இருக்கை என்னுடையது. எங்கள் வீடு, மகளின் படிப்பு, வருசத்துக்கு வருசம் புதுப்பிக்க ஓடுகிற பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி, எல்லாம் அந்த நான்கு சக்கரத்தின் மேல்தான் இருக்கின்றன. அதனால் அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று முன்பும் பயந்ததுண்டு. எங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தது பிறகுதான்.

டீசல் விலை ஏறத் தொடங்கியபோது அவர் டயர்களில் கைவைத்தார். கல்லுமாதிரிக் காற்றடித்தார். காற்றுக் கூடினால் சக்கரம் இலேசாக உருளும் என்றார். உருண்டதுதான், ஆனால் வுச்சீரியாச் சந்தைப் பக்கத்துக் கருங்கல் பாவிய ஒழுங்கைகளில் என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. பிறகு கூரைமேலிருந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றினார், காற்றை மறிக்கிறதாம். மேலதிகச் சக்கரத்தைத் தூக்கிப் பல்கனியில் வைத்தார். அதன்மேல் இப்போது என் கறிவேப்பிலைச் சாடி நிற்கிறது. ஒருநாள் இருக்கைக்குக் கீழே என் குடையைக் காணவில்லை.

"குடை என்னப்பா செய்தது?"

"நிறை."

"ஒரு கோழியின்ரை நிறைகூட வராது."

"ஒவ்வொரு நாளும் ஒரு கோழியை ஏத்திக்கொண்டு திரிய நான் என்ன பண்ணையோ வச்சிருக்கிறன்?"

சிரித்தேன். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது. ஓகஸ்ட் வெயிலில், காற்று மறிக்கும் என்று யன்னலைப் பூட்டி வைத்து, ஏசியும் போடாமல், அவித்த மரவள்ளிபோல இரண்டு பேரும் வியர்த்துக்கொண்டு போனபோதுகூடச் சிரித்தேன். ஒரு தாங்கி டீசல் முன்னைவிட அதிக நாள் தாக்குப்பிடித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். டீசல் அளவைக் காட்டுகிற முள் மெதுவாக இறங்குவதைப் பார்க்கையில் அவர் முகத்தில் வருகிற வெளிச்சம், மகள் பிறந்தபோது வந்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு.

மாரியில் பழக்காலம் தொடங்கியபோது காற்சப்பாத்தையும் கழற்றினார்.

"அங்கை ஊரிலை பஸ் ஓடினவை, ட்ரக்டர் ஓடினவை எல்லாம் வெறுங்காலோடைதானே ஓடினவை. தோல் பட்டாத்தான் பெடல் என்ன சொல்லுதெண்டு விளங்கும். சப்பாத்துப் போட்டா கால் செவிடு."

அக்சிலேட்டரை அவர் மிதிப்பதில்லை, தடவுவார். பெருவிரல் மட்டும் அசையும். சப்பாத்து இருக்கைக்குப் பின்னால் கிடக்கும்; கரபினியேரிப் பொலிஸ் மறித்தால் போட்டுக்கொள்ள. இதுவரைக்கும் பரவாயில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான், சியாகுல்லியிலிருந்து இறங்குகிற வழியில், பழப்பெட்டிகளின் பாரத்தோடு, முதல்தடவை அந்தச் சத்தமின்மை வந்தது. பழுதாகிவிட்டது என்று நினைத்து அவர் கையைப் பிடித்தேன். அவர் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாப்பாட்டு மேசையில் மகள் அவரோடு சண்டைபிடித்தாள். பல்கலைக்கழகத்தில் இயந்திரங்களைப் பற்றிப் படிக்கிறாள். இங்கத்தைய தெருக்களில் பொறுக்கிய ஒரு சொல்லோடு தொடங்கினாள். அதை நான் எழுதமாட்டேன்.

"அப்பா, இறக்கத்திலை கியரோடை விட்டு அக்சிலேட்டரிலை இருந்து காலை எடுத்தாலே எஞ்சினுக்கு டீசல் போகாது. நியெந்தே. ஒரு சொட்டும் இல்லை. நீங்கள் நிப்பாட்டுறதாலை ஒண்டும் மிச்சம் வராது."

"எஞ்சின் சுத்துதோ இல்லையோ?"

"சுத்தும். சக்கரம்தான் அதைச் சுத்துது."

"சுத்துற எஞ்சின் குடிக்கும். குடிக்காமல் ஆர் சுத்துறான்?"

"நிப்பாட்டினா பிரேக் எப்பிடி வேலை செய்யும்? ரெண்டு தரம் மிதிச்சாப் பிறகு பெடல் கல்லாப் போயிடும். எஞ்சின் ஓடினாத்தான் அதுக்குப் பலம்."

"நான் ஒருதரம்தான் மிதிப்பன். மிதிச்சா மிதிச்சபடி."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். கல் என்ற அந்தச் சொல் அன்றைக்கே எனக்குள் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இறக்கத்திலும் அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடல் தெரிகிற இடத்தில் கடலைப் பார்க்கவில்லை. அவர் மிதிப்பதை எண்ணினேன். ஒன்று. இன்னும் ஒன்றுதான். இந்தத் திருப்பத்தோடு சரி. சந்தைக்கு வந்து இறங்கும்போது என் தோள்மூட்டு வலிக்கும், பெட்டி தூக்காமலே.

அடுத்த செப்ரெம்பரில் மலைக்கோயில் திருநாள் வந்தது. இந்த நகரத்தைக் காக்கிற புனிதை மேலே குகையில் இருக்கிறா. எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்கு அவவில் ஒரு தனிப் பிடிப்பு. கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்று பார்ப்பதில்லை, எல்லோரும் வெறுங்காலோடு மலையேறுவார்கள். நாங்கள் சைவம். எங்களோடு வந்த அக்கா மன்னார்க் கத்தோலிக்கம். சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறா, வாயைத் திறந்தால் மூடமாட்டா. நானும் அக்காவும் நடந்து ஏறினோம். ஏறி வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சாப்பாட்டை என் கணவர் பிக்கப்பில் கொண்டுவந்தார். அவருக்கும் வெறுங்கால் நேர்த்திக்கடன் இருந்தது. அதனால் சப்பாத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

சோறு முடிந்ததும் அண்டாக்களைக் குழாயடியில் கழுவினார். தாளித்த எண்ணெயும் பருப்பும் அவர் காலடியால் ஓடின. மழை தூறத் தொடங்கியிருந்தது. அந்தக் காலோடுதான் வந்து ஏறினார். பின்பெட்டியில் அண்டாக்கள், மடக்கு மேசைகள், எரிவாயுச் சிலிண்டர். முன்னால் அவர், நடுவில் நான், யன்னலோரம் அக்கா.

"தம்பி, குகை அம்மாவிட்டை என்ன கேட்டனீர்?"

"டீசல் விலை குறையவேணுமெண்டு, அக்கா."

"அவ என்ன பெற்றோல் செட்டோ வச்சிருக்கிறா?"

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"முழங்கால் வலி போகவேணுமெண்டு. அது கீழை போய்ச் சேர்ந்தாத்தான் தெரியும்."

இரண்டாவது திருப்பம் தாண்டியதும் அவர் விரல் திறப்புக்குப் போவதைக் கண்டேன். "இண்டைக்கு வேண்டாமப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எஞ்சின் அடங்கிவிட்டது.

"என்ன, வாகனம் செத்துப்போச்சோ?" என்றா அக்கா.

"இல்லையக்கா. நித்திரை."

"எழுப்பும்."

"கீழை போய் எழுப்புவம்."

ஒரு பக்கம் வெட்டிய பாறை. மறுபக்கம் ஒரு குட்டைச் சுவர், அதற்கப்பால் மழைக்குள் நகரமும் துறைமுகமும். கீழே பார்க்கக்கூடாது என்று நினைத்தால் கண் அங்கேதான் போகிறது. ஒரு கார் எதிரே வந்தது, மிதித்தார், விட்டார். ஒன்று. இன்னொரு திருப்பம், மிதித்தார், விட்டார். என் வாய்க்குள் நான் எண்ணுவது நின்றுவிட்டது. அடுத்த திருப்பத்துக்கு அந்தப் பக்கம், தெருவை அடைத்துக்கொண்டு, குடைகளோடு ஒரு கூட்டம் நடந்து இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள், இத்தாலியர், தோளில் பிள்ளையைத் தூக்கிவைத்த ஒரு தகப்பன். எல்லோருடைய முதுகும் எங்கள் பக்கம். சத்தமில்லாத வாகனத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அவர் மிதித்தார். கால் பெடலில் வழுக்கிப் பக்கவாட்டில் போனது. மறுபடி மிதித்தார். இப்போது கால் நின்றது, பெடல் அசையவில்லை. இருக்கையிலிருந்து எழும்பி முழு உடம்பையும் அந்த ஒற்றைக் காலில் வைத்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. பிக்கப் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"இறுகிப்போச்சு" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

அக்கா யன்னலை இறக்கித் தலையை வெளியே போட்டா. "விலகுங்கோ! டேய், விலகுங்கோடா!" அந்த மலை முழுக்கக் கேட்டிருக்கும். தமிழ் தெரியாதவர்களும் விலகினார்கள். குடைகள் இரண்டு பக்கமும் சரிந்து பாறையோடும் சுவரோடும் ஒட்டிக்கொண்டன. பிள்ளையின் சிவப்புச் சட்டை அக்காவின் யன்னல்பக்கமாக வந்து போனது. அந்தச் சிவப்பு பின்னால் போய்விட்டதா, எங்களுக்கு அடியில் போய்விட்டதா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு கணத்தைத்தான் நான் இன்னும் கடக்கவில்லை.

நான் கைப்பிரேக்கை இழுத்தேன். பின்பக்கம் ஈரத்தில் வால்போலச் சுழன்றது.

"முழுசா இழுக்காதையும்! விடும்! கொஞ்சம் கொஞ்சமா!"

விட்டேன், இழுத்தேன். அவர் திறப்பை முன்னுக்குத் திருப்பி, கிளச்சை மிதித்து, மூன்றாம் கியரில் போட்டு, காலைச் சட்டென்று எடுத்தார். முழு வாகனமும் ஒருதரம் உலுக்கிக் குனிந்தது. அண்டாக்கள் பறந்து வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியோடு மோதின. எஞ்சின் அலறிக்கொண்டு விழித்தது. என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தம் ஒன்றை நான் கேட்டதில்லை. பெடல் மெல்ல மெல்ல இளகியது. இரண்டாம் கியர். வலது பக்கக் கண்ணாடி பாறையில் உரசி முறிந்து தொங்க, பிக்கப் பாறையில் சாய்ந்து நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். மேலே, திருப்பத்தில், தகப்பனின் தோளில் பிள்ளை. அழாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா பக்கத்துக் கதவு பாறையில் ஒட்டியிருந்ததால் எங்கள் இரண்டு பேரின் மடியாலும் ஏறி, என் கணவர் பக்கத்துக் கதவால் இறங்கினா. இறங்கும்போது அவர் தலையில் ஒரு குட்டு வைத்தா, வேண்டுமென்றே.

"நான் நடந்து போறன்."

"அக்கா, ஏறுங்கோ. இனி நிப்பாட்ட மாட்டன். சத்தியமா."

"சத்தியத்தை உம்மடை பெடலுக்குச் சொல்லும். தங்கச்சி, நீரும் இறங்கும்."

எனக்கும் இறங்கத்தான் வேண்டும்போல இருந்தது. கால்கள் தரையைத் தேடின. அவரைப் பார்த்தேன். வலது கால் கீழே ரப்பர் பாயில் கிடந்தது, எண்ணெய் பளபளக்க, யாரோ கழற்றி வைத்ததுபோல. இந்தக் காலைத் தனியாக இந்த இறக்கத்தில் விட்டுவிட்டு நான் எங்கே நடப்பது? என் துப்பட்டாவை எடுத்து அந்தப் பாதத்தைத் துடைத்தேன். விரல்களுக்கிடையிலும் துடைத்தேன். பெடலையும் துடைத்தேன்.

"நான் இருக்கிறன், அக்கா" என்றேன்.

அக்கா சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, தெருவின் நடுவாக, முன்னால் நடந்தா. நாங்கள் பின்னால். முதலாம் கியரில், நான்கு பக்க விளக்கும் மின்ன, எஞ்சின் முனகி முனகி உறும. மாதக்கணக்காகச் சேமித்ததை எல்லாம் அந்த ஒரு இறக்கத்தில் குடித்திருக்கும். பின்னால் வாகனங்கள் வரிசைகட்டி ஹோர்ன் அடித்தன. ஒரு ஸ்கூட்டர்க்காரன் எங்களை முந்தி அக்காவின் பக்கத்தில் போய், திருவிழா ஊர்வலம் இன்னும் முடியவில்லையா என்று இத்தாலியனில் கேட்டான்.

"முடியத்தான் பாத்தது தம்பி. நீ போ" என்று தமிழிலேயே சொன்னா அக்கா.

ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, எதிரே எட்டிப்பார்த்து, கையை அசைத்து எங்களை வரச்சொன்னா. அவ அசைத்த பிறகுதான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கீழே சமதரை வந்து, அக்கா களைத்துப்போய் ஒரு மதிலோரம் குந்தியபோதும், என் கை கைப்பிரேக்கில்தான் இருந்தது. எடுக்கச்சொல்லி அவர் கேட்கவில்லை.