பூட்டிய வீட்டுக்குள் பாஸ்போர்ட்

என் பொண்டாட்டி முத்துச்செல்வி ஒரு வெல்டர். இதைச் சொன்னவுடன் கேட்கிறவர்கள் என் கையைத்தான் பார்ப்பார்கள். நான்தான் வெல்டர், ஏதோ வாய் தவறி மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைப்பு. எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறும். கோவில்பட்டியில் வாடகைக் கார் ஓட்டுகிற வேல்ராஜ் நான். எனக்கு ஒரு ஆணி ஒழுங்காக அடிக்கத் தெரியாது. டிராக்டருக்குப் பின்னால் பருத்தி மூட்டையும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு போகிறதே டிரெய்லர், அதை அடிச்சட்டத்திலிருந்து பற்றவைத்து நிமிர்த்துகிறவள் அவள்தான் ஐயா, அவளேதான்.

எப்போதும்வென்றானில் மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள். மழை பெய்தால் உளுந்து, பாசி, கம்பு. பெய்யாவிட்டால் வானத்தை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஐ.டி.ஐ.யில் சேரப் போனபோது, தையல் பிரிவில் இடம் இருக்கிறது என்றார்களாம். "வெல்டிங்ல இருக்கா?" என்று கேட்டாளாம். இருந்தது. சேர்ந்துவிட்டாள். படித்து முடித்து பூவனநாதன் அண்ணாச்சி பட்டறைக்கு வேலை கேட்டுப் போனால், அவர் பெயின்ட் டப்பாவைக் கையில் கொடுத்தார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத்தா இந்த நெருப்பு?" என்றார். இவளும் சளைக்காமல் பெயின்ட் அடித்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் துண்டு இரும்புகளை எடுத்துப் பற்றவைத்துப் பழகினாள். இப்போது அறுவடைக் காலம் வந்தால் அதே அண்ணாச்சி காலங்காத்தாலே எனக்கு போன் போட்டு, "செல்வி கிளம்பிட்டாளா?" என்று கேட்கிறார். நான் அவளுக்கு உதவியாளன் மாதிரி, "கிளம்பிட்டா அண்ணாச்சி" என்று பதில் சொல்கிறேன்.

கனடாவில் டிரெய்லர் செய்கிற ஒரு பட்டறை, வீடியோவிலேயே அவள் வேலையைப் பார்த்தது. பிடித்துப்போனது. வரச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த நாட்டு அரசாங்கம் கையை மட்டும் பார்த்து உள்ளே விடுவதில்லை. இங்கிலீஷ் தேர்வு எழுதி மதிப்பெண் காட்ட வேண்டும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. கைத்தொழில்காரர்களுக்குப் படிப்பதிலும் எழுதுவதிலும் கொஞ்சம் இளக்கம் உண்டு. கேட்பதிலும் பேசுவதிலும் தேறியே ஆக வேண்டும்.

அங்கேதான் சனியன் உட்கார்ந்திருந்தது. மற்ற மூன்றிலும் நன்றாக வாங்குவாள், பேச்சில் விழுவாள். இரண்டு முறை அப்படி ஆனது. ஊரில் பயிற்சி மையம் நடத்துகிற ஹரி சார், எந்தக் கேள்வி வந்தாலும் சொல்வதற்கு மனப்பாடப் பதில்கள் கொடுத்திருந்தார். உன் ஊரைப் பற்றிச் சொல் என்றால், 'என் ஊர் பசுமையான சோலைகளும் சலசலக்கும் ஆறுகளும் சூழ்ந்த அழகிய ஊர்' என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் எங்கே ஐயா ஆறு சலசலக்குது? குடிதண்ணீர்க் குழாயே சலசலக்கவில்லை! இவள் அந்தப் பொய்யைச் சொல்ல வாயெடுக்கும்போதே நாக்கு தடுமாறிவிடுமாம். எதிரே இருந்த பரீட்சைக்காரம்மா எந்த ஆறு என்று கேட்க, இவள் பேந்தப் பேந்த விழித்திருக்கிறாள்.

கனடாப் பட்டறை அந்த மாதக் கடைசி வரைதான் இடத்தைப் பிடித்துவைக்கும் என்று சொல்லிவிட்டது. அதற்குள் மதிப்பெண் போகாவிட்டால் வேறு ஆள். மதுரையில் ஒரே ஒரு தேதிதான் மிச்சம் இருந்தது, ஒரு சனிக்கிழமை. நண்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும். அசல் பாஸ்போர்ட் கையில் இல்லாமல் உள்ளே விடவே மாட்டார்கள்.

சனிக்கிழமை என்றதும் என் அப்பா கருத்தையா காலண்டரைப் புரட்டினார். ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம். நாங்கள் கிளம்ப நினைத்ததோ ஒன்பதரைக்கு.

"அய்யா, காத்தாலேயே கிளம்பிருதோம்" என்றேன்.

"அதுக்கு முன்ன குளிகை இருக்குலே. அது முடிஞ்சு நீங்க கிளம்புததுக்குள்ள ராகு வந்துரும். பரஸ்தானம் வச்சிருவோம்."

பரஸ்தானம் என்றால் ஒன்றுமில்லை. புறப்படுகிற நேரம் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரத்தில் பயணப் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பியாயிற்று, ஆகவே பயணமும் கிளம்பியாயிற்று என்று அர்த்தம். மறுநாள் போகிற வழியில் அந்த வீட்டுக்காரி கையால் பையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். நான் ஒரு பழைய பையில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் போட்டேன். அப்பா அதை வெளியே எடுத்துப் போட்டார்.

"எதை வச்சுப் பயணமோ அதுல்லா முன்னால போகணும்? பாஸ்போர்ட்டை வைலே."

எனக்கு எரிச்சல்தான். ஆனால் செல்வி, "வைங்க, மாமா ஆசைப்படுதாவ. பக்கத்து வீடுதான" என்றாள். வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரத்தில், பாஸ்போர்ட்டோடு பை போய் செண்பகவல்லி அக்கா வீட்டுச் சாமி அலமாரிக்குக் கீழே உட்கார்ந்தது. அக்காவுக்கு மளிகைக்கடை. வீட்டில் அக்கா ஒருத்திதான். நம்பி உயிரையே கொடுத்து வைக்கலாம்.

சனிக்கிழமை காலை நான் காரைத் துடைத்து, விபூதி பூசி, ஒரு எலுமிச்சம்பழத்தையும் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, பையை வாங்கப் போனேன். அக்கா வீட்டுக் கதவில் இத்தாத்தண்டிப் பூட்டு தொங்கியது.

போன் போட்டேன். பூட்டிய வீட்டுக்குள்ளே மணி அடித்தது!

எதிர்வீட்டுக்காரர்தான் விவரம் சொன்னார். குளத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் விஜிக்கு விடியக்காலையில் வலி எடுத்துவிட்டதாம். மருமகன் வண்டி அனுப்ப, அக்கா போட்டது போட்டபடி ஏறிப் போய்விட்டது. போனையும் மறந்து, எங்கள் பையையும் மறந்து. யார் மேல் கோபப்பட? பெற்ற பிள்ளைக்கு வலி என்றால் எவள்தான் பக்கத்து வீட்டுப் பையை நினைப்பாள்? கோபப்பட ஆள் இல்லாத கோபம் இருக்கிறதே, அது ரொம்பப் பொல்லாதது. எலுமிச்சம்பழத்தை ஓங்கி மிதித்தேன். விஜிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மருமகனுக்குப் போட்டேன், அணைத்து வைத்திருந்தது.

போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று குளத்தூருக்குப் போய்ச் சாவியை வாங்கி வந்து, அப்புறம் மதுரைக்குப் போவதென்றால் பரீட்சை முடிந்து மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். தெருவே கூடிவிட்டது. ஒருத்தர் போலீசில் சொல்லலாம் என்றார். ஒருத்தர் ஓட்டைப் பிரிக்கலாம் என்றார். அது காங்கிரீட் வீடு. அவரை அப்படியே ஒரு அறை விட்டிருப்பேன். என் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

செல்வி விறுவிறுவென்று எங்கள் வீட்டுக்குள் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிரில் கேட் வேலை செய்வதற்காக வைத்திருக்கிற கட்டிங் மெஷினோடு வெளியே வந்தாள். பரீட்சைக்கென்று கட்டியிருந்த புதுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணாடியை மாட்டினாள்.

"ஏங்க, ஒயரை இழுத்து பிளக்ல சொருகுங்க."

"ஏட்டி, அடுத்தவிய வீட்டுப் பூட்டுட்டி!"

"தெரியும். அக்கா வந்தா அவிய கால்ல விழுதேன். இப்ப சொருகுங்க."

"ராகுகாலத்துல பூட்டை அறுக்காத தாயி" என்று அப்பா கெஞ்சினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவள் மெஷினைக் கீழே வைத்துவிட்டு மாமனார் பக்கத்தில் போனாள். "மாமா, நேத்து நல்ல நேரத்துலதான நான் கிளம்பிட்டேன்? நீங்கதான சொன்னீய? கிளம்பினவளுக்கு ஏது மாமா ராகுகாலம்?"

அப்பா சுவரிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏலே வேல்ராஜ், மரம் மாதிரி நிக்கியே, ஒயரை சொருகுலே!"

கிர்ரென்று ஒரு சத்தம். பொறி பறந்தது. தெரு முழுக்க வாயைப் பிளந்து பார்க்க, பூட்டு இரண்டாகித் தரையில் விழுந்தது. உள்ளே ஓடிப் பையை எடுத்து வந்தாள். அதற்குள் அப்பா எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா வீட்டு வாசலை அடைத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "வீடு திறந்து கெடக்கு. அவிய வார வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். நீங்க போங்க" என்றார்.

பிறகு நான் ஓட்டினேன் பாருங்கள்! சாத்தூர் வந்தது, போனது. விருதுநகர் வந்தது, போனது. கரிசல் காடு இரண்டு பக்கமும் கறுப்பாகப் பின்னால் ஓடியது. முன்னால் மெதுவாகப் போன ஒவ்வொரு லாரிக்காரனின் பரம்பரையையும் நான் விசாரித்தேன். செல்வி பையை மடியில் வைத்துக்கொண்டு, "சலசலக்கும் ஆறுகள், சலசலக்கும் ஆறுகள்" என்று இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். டோல்கேட்டில் நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த ஆத்தை விடுட்டி. வாயில வந்ததைப் பேசு. என்கிட்ட சண்டை போடும்போது மட்டும் மனப்பாடம் பண்ணிட்டா வார?"

முறைத்தாள். ஆனால் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டாள். மதுரையில் வாசல் சாத்தப்போகிற நேரத்துக்குப் போய் நின்றோம். பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே உள்ளே ஓடினாள். சேலையில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. தட்டிவிடச் சொல்வதற்குள் மறைந்துவிட்டாள்.

நான் வெளியே புளிய மரத்தடியில் சாயங்காலம் வரை கிடந்தேன். டீ குடித்தேன், திரும்ப டீ குடித்தேன். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும்.

பேச்சுத் தேர்வில் ஒரு அட்டையைக் கொடுத்து, அதில் இருப்பதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். உன் அண்டை வீட்டார் ஒருவரைப் பற்றிச் சொல் என்று வந்திருக்கிறது. ஹரி சார் அதற்கும் பதில் கொடுத்திருந்தார். 'என் அண்டை வீட்டார் அன்பானவர், பண்டிகைக்கு இனிப்புகள் தருவார்.' செல்வி அதைத்தான் ஆரம்பித்திருக்கிறாள். அன்பானவர் என்றதும் காலையில் பூட்டிய வீட்டுக்குள் அடித்த போன் மணி காதில் கேட்டிருக்கிறது. நிறுத்திவிட்டாள்.

பிறகு இங்கிலீஷில், "இன்று காலையில் அவர் வீட்டுப் பூட்டை அறுத்துவிட்டு வந்திருக்கிறேன்" என்று சொன்னாளாம்.

பரீட்சை எடுத்தவர் தலையை நிமிர்த்திப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான், இவளுக்கு மடை திறந்துவிட்டது. பரஸ்தானம், ராகுகாலம், விஜிக்குப் பிரசவ வலி, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாமனார் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். வார்த்தை வராத இடத்தில் வேறு வார்த்தை போட்டு, அதுவும் வராவிட்டால் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறாள். இரண்டு நிமிடம் முடிந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்த, "சார், இன்னும் மதுரைக்கே வந்து சேரவில்லை" என்றாளாம்! அவர் சிரித்துவிட்டு, அண்டை வீட்டார் கோபப்பட மாட்டாரா என்று கேட்டிருக்கிறார். "படுவார். அவர் கோபப்படுவதற்குள் நான் ஒரு நல்ல பூட்டு மாட்டிவிடுவேன்" என்றாளாம்.

வெளியே வந்தபோது அவள் முகம் அப்படிச் சிவந்திருந்தது. "மதிப்பெண் வருதோ இல்லையோ, இன்னிக்குத்தான் நான் பேசினேன்ங்க" என்றாள். ஓடிப்போய் அவளுக்கும் ஒரு டீ வாங்கி வந்தேன். திரும்பி வந்தால், அப்பா அதே நாற்காலியில். எதிர்வீட்டில் கொடுத்த சாப்பாட்டைக்கூட அங்கேயே உட்கார்ந்துதான் சாப்பிட்டாராம். செல்வி சேலைகூட மாற்றாமல் புதுப் பூட்டு மாட்டினாள்.

மறுநாள் செண்பகவல்லி அக்கா வந்து இறங்கியது. பேத்தி பிறந்த சந்தோஷம். செல்வி சாவியை நீட்டிக்கொண்டு காலில் விழப் போனாள். அக்கா அவளைப் பிடித்து நிமிர்த்தி, முதுகில் ஒரு அடி வைத்தது. "கூறுகெட்டவளே, பூட்டு கெடக்கு. பரிச்சைக்கு நேரத்துக்குப் போய்ச் சேந்தியாட்டி?" என்று கேட்டது. இவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியாது.

மதிப்பெண் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் சவாரியில் கயத்தாறு பக்கம் இருந்தேன். போனில் அவள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை, பட்டறையில் இரும்பு அடிக்கிற சத்தம்தான் கேட்டது. "என்னட்டி ஆச்சு? சொல்லித் தொலை!" என்று கத்தினேன். "வேணும்ங்கிறதுக்கு மேலயே வந்திருக்குங்க, பேச்சுல" என்றாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பின்னால் இருந்த சவாரிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் மிரண்டுபோனார்.

அன்று சாயங்காலமே கனடாப் பட்டறைக்காரர் கூப்பிட்டார். இதற்கு முன்னாலெல்லாம் அந்த போன் வந்தால் ஹரி சாரைத் தேடி ஓடுவோம், இல்லையென்றால் எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையை நான் உளறுவேன். அன்றைக்கு நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுத் தானே பேசினாள். எப்போது வர முடியும் என்று கேட்டார், சொன்னாள். குளிர் தாங்குமா என்று கேட்டார், நெருப்புப் பக்கத்தில்தானே வேலை என்றாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அப்பா ஒன்றும் புரியாமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட யாராவது வருகிறார்களா என்று கடைசியாகக் கேட்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிய வேண்டும் என்றே ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி, இங்கிலீஷில் பதில் சொன்னாள்.

"ஒரு டிரைவர் வருகிறார். கோபக்காரர். ஆனால் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்."